எட்டு வட்டம், ஏழு சதுரம்

கேக் வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதல் நாளே ஐசிங்கில் ரோஜாப்பூ போடத்தான் அவதிப்படுகிறீர்கள். கொப்பியையும் பென்சிலையும் எடுங்கள் என்று நான் சொன்னால் முகம் கறுத்துவிடும். "கணக்கு ஓடேல்லை எண்டுதானே அன்ரி இதுக்கு வந்தனாங்கள்" என்று உங்களில் ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். நல்ல இடம் பார்த்துத்தான் வந்திருக்கிறாய் பிள்ளை என்று சொல்லி, அவளைத்தான் முதலில் எழுப்பிக் கணக்குச் செய்யவைத்தேன்.

இப்போது என் மணிக்கட்டு ஐசிங் பையை அமுக்கவிடுவதில்லை. வாழ்நாள் முழுக்கச் சீனி அடித்தவளுக்குச் சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, வந்து சேர்ந்திருக்கிறது; கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். பரந்தன் கடையை உங்கள் கையில் விட்டுவிட்டேன். மா எவ்வளவு, முட்டை எத்தனை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் போனில் தேடிக்கொள்வீர்கள். தேடினாலும் கிடைக்காத ஒன்றைத்தான் எழுதுகிறேன். அலுமாரியின் மேல் அடுக்கில் ஒரு நாடாவால் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிற இரண்டு கேக் தட்டுகளைப் பற்றியது இது. ஒன்று எட்டு அங்குல வட்டம், மற்றது ஏழு அங்குலச் சதுரம்.

அதற்கு முன் வவுனியாவுக்குப் போகவேண்டும். நான் வேலை பழகியது அங்கே, ஒரு பேக்கரியின் பின்பக்கத்தில். எங்களைப் பழக்கியவர் அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் அது ஏச்சாகத்தான் இருக்கும். ஒருமுறை ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் பதினாறு அங்குல வட்டத்தில் கேக் கேட்டிருந்தார்கள். என்னோடு வேலை செய்த ஒருத்தி, எட்டு அங்குலத் தட்டுக்குப் போடுகிற கலவையை இரண்டு மடங்காக அடித்து ஊற்றிவிட்டாள். எட்டும் எட்டும் பதினாறுதானே, வேறென்ன என்று அவள் நினைத்தாள். கேக் வேகிற போறணையைத் திறந்தால் உள்ளே ரொட்டி கிடந்தது. பெண் வீட்டார் வாசலில் வான் வண்டியோடு நிற்கிறார்கள், இவள் மூலையில் நின்று அழுகிறாள்.

அவர் ஏசவில்லை. எட்டு அங்குலத் தட்டை அரிசியால் நிரப்பி, பதினாறு அங்குலத் தட்டில் கொட்டச் சொன்னார். ஒன்று கொட்டினோம், இரண்டு கொட்டினோம், அடி மறைந்ததே தவிர நிறையவில்லை. நாலாவது கொட்டியபிறகுதான் விளிம்பு தொட்டது. "கண் அகலத்தை மட்டும்தான் பாக்கும். தட்டுக்கு அது காணாது" என்றார். பிறகு நாங்கள் மூன்று தட்டுகளை ஒரேயடியாகப் போறணைக்குள் தள்ளி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வானை ஒருவழியாக அனுப்பிவைத்தோம். அந்த அரிசிப் பாடத்தை நான் விடவேயில்லை. கேக் சின்னதாய்க் கிடக்கிறதே என்று சண்டைக்கு வந்த எத்தனையோ பேரை அரிசியைக் கொட்டிக் காட்டித்தான் அனுப்பினேன். நெல் விதைக்கிற சனத்துக்கு அரிசி சொன்னால் விளங்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மீளக்குடியேறிப் பரந்தனில் நான் கடை போட்ட புதிதில் முரசுமோட்டையிலிருந்து ஒரு அக்கா வந்தார். பேரை எழுதவில்லை, நாங்கள் எல்லோரும் அவரை முரசுமோட்டை அக்கா என்றுதான் சொல்வோம். கணவர் வயலோடு கிடக்கிற மனிசன். பிள்ளைகள் இரண்டும் இரட்டை, மூத்தது பெட்டை தர்சினி, பெடியன் தர்சன்; மகனைத் தாய் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது ஒரு பிஸ்கற்றைக்கூட நூல் பிடித்துப் பங்கிட்ட பிள்ளைகள் என்றார். சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபிறகு வருகிற முதல் பிறந்தநாள். மகளுக்கு வட்டக் கேக் வேண்டுமாம், மகனுக்குச் சதுரம் வேண்டுமாம். ஒன்று மற்றதைவிட ஒரு பொட்டுக் குறைந்தாலும் வீடு இரண்டுபடும், பார்த்துச் செய்யுங்கோ என்று சிரித்துக்கொண்டே பயமுறுத்திவிட்டுப் போனார்.

இது உங்களுக்கு இப்போது மனப்பாடம். எட்டு அங்குல வட்டத்தின் பரப்பும் ஏழு அங்குலச் சதுரத்தின் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உயரம் ஒன்றாக இருந்தால் கலவையும் ஒன்று. அப்படியே செய்து வைத்தேன். பிள்ளைகள் இரண்டும் தாயோடு கடைக்கு வந்தார்கள். தர்சன் பள்ளிக்கூடப் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து இரண்டையும் அளந்தான். "அவளுக்கு எட்டு, எனக்கு ஏழு" என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினான். கணக்குச் சொல்லி விளங்குகிற வயதில்லை. பக்கத்துப் பலசரக்குக் கடையின் தராசை வாங்கிவந்து, ஒரு பக்கம் வட்டத்தையும் மறுபக்கம் சதுரத்தையும் வைத்தேன். முள் நடுவில் நின்றது. அவன் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் முள்ளைப் பார்த்தான். பிறகு அன்ரி கள்ளம் செய்யவில்லை என்று தாயிடம் தீர்ப்புச் சொன்னான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியிலும் அந்தத் தராசு வரவேண்டும். மீசை அரும்பி, தகப்பனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாக வரத் தொடங்கியபிறகும், கேக்கை எடுக்கமுதல் நிறுத்துப் பார்க்காமல் விடமாட்டான். முள் நடுவில் நின்றால், "இந்த வரியமும் தப்பீட்டீங்கள் அன்ரி" என்பான். எனக்கு அந்தப் பிள்ளையில் நல்ல விருப்பம். அவன் சிரிப்பதற்காகவே நான் கலவையைக் கிராம் பிசகாமல் ஊற்றியிருக்கிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு அவனை ஏஜென்சிக்காரன் ஒருவன் பிரான்சுக்கென்று கூட்டிக்கொண்டு போனான். வழியில் எத்தனையோ நாடு. தாயின் வாயில் நுழையாத பேர்களிலிருந்தெல்லாம் போன் வந்தது. கடைசியாக ஏதோ காட்டு எல்லையில் நிற்கிறோம், குளிர் தாங்கவில்லை, இரண்டொரு நாளில் கடந்துவிடுவோம் என்றான். பிறந்தநாள் கிட்டியிருந்தது. தமக்கைக்குத் தனியாக ஒரு குரல்பதிவு அனுப்பினான். "தர்சினி, என்ர சதுரத்தில கை வச்சியோ, வந்து தராசில போட்டுப் பாப்பன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் போனுக்கு அழைப்புப் போகவேயில்லை.

எங்கள் பக்கத்தில் காணாமற்போன பிள்ளைகளுக்குக் குறைவில்லை. இப்போது தாங்களாகவே புறப்பட்டுப் போயும் காணாமற்போகிறார்கள். ஏஜென்சிக்காரனின் நம்பர் மாறிவிட்டது. கூடப்போன பெடியள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவன் பிடித்துக்கொண்டு போனதைக் கண்டேன் என்றான், இன்னொருவன் ஆற்றைச் சொன்னான். இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

அந்த மாசியிலும் தாய் இரண்டு கேக்குக்கும் சொன்னார். செய்து கொடுத்தேன். மகளின் வட்டத்தை வெட்டிவிட்டு, சதுரத்தை ஒருவரும் தொடக்கூடாது என்று பிரிட்ஜில் வைத்துவிட்டார். அது அங்கேயே காய்ந்து, வெடித்து, பூஞ்சணம் பிடித்தது. அடுத்த வருடமும் அப்படித்தான்.  ஏனென்று கேட்டுத்தான் என்ன செய்வது? ஏழு அங்குலத்தில் அளவு பிசகாமல் சதுரம் செய்வது ஒன்றுதான் என்னால் முடிந்தது, அதைச் செய்தேன்.

அடுத்த மாசி பிறந்து சில நாளில் தர்சினி தனியாகக் கடைக்கு வந்தாள். அப்போது அவள் கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். நின்றபடியே கதைத்தாள், கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"இந்தமுறை ஒண்டாச் செய்யுங்கோ அன்ரி. பழுதாப் போனபிறகு அந்தச் சதுரத்தை நான்தான் வாழைக்கடியில கொண்டுபோய்ப் புதைக்கிறனான். அம்மாவால ஏலாது. ஒவ்வொரு வரியமும் என்ர பிறந்தநாளுக்குப் பிறகு நான் அவனைப் புதைக்கிறன்."

அம்மா சம்மதிப்பாவா என்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றாள். ஒரே கேக், அதில் அவனுடைய பங்கும் இருக்கும், எல்லாவற்றையும் வெட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது, அவன் பேரைச் சொல்லியே கொடுப்பது என்று தாயோடு கதைத்து முடித்திருக்கிறாள். தாயின் கோரிக்கை ஒன்றே ஒன்று. தம்பியின் பங்கில் ஒரு துணுக்கும் குறையக்கூடாது. அவள் கேட்டது இன்னொன்று. நடுவில் கோடு போடக்கூடாது, அது இது என்று தெரியக்கூடாது. ஒரு பிறந்தநாளாவது அவளுக்குப் பிறந்தநாளாக இருக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளை ஆசைப்பட்டது. அது பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது, ஏனென்றால் இது கணக்கால் தீர்க்கக்கூடிய வேலை என்று நினைத்தேன். வட்டத்தின் பரப்பையும் சதுரத்தின் பரப்பையும் கூட்டி, அந்தப் பரப்புக்கு ஒரு பெரிய வட்டம் எவ்வளவு என்று பார்த்தால் பதினொரு அங்குலமும் இன்னுமொரு காலும் வந்தது. அப்படி ஒரு தட்டு விலைக்கு இல்லை. சந்தியில் தகர வேலை செய்கிறவரிடம் சொல்லி, உயரமும் பிசகாமல் அளவுக்கு வெட்டி எடுத்தேன். இரண்டு பேருக்குமான கலவையைச் சேர்த்தடித்து ஊற்றினேன். நல்லாக எழும்பி வந்தது. மேலே கோடில்லை, பாதியில்லை. சுற்றளவுக்கு நூலை வைத்து, அதை மடித்து மடித்துக் குறிபோட்டு, விளிம்பு முழுக்க ஒரே இடைவெளியில் வெள்ளை ரோஜா வைத்தேன். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை. நான் செய்த கேக்குகளில் வடிவானது எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பிறந்தநாள் அன்று காலை தாயும் மகளும் வந்தார்கள். பெட்டியைத் திறந்து காட்டினேன். அக்கா பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் கேக்கைப் பார்த்தார்.

"இவ்வளவும்தானோ?" என்றார்.

அவர் மனதில் அகலம்தான் இருந்திருக்கிறது. எட்டும் ஏழும் சேர்ந்தால் மேசை நிறையும் என்று வந்திருக்கிறார். இருந்ததோ மகளின் கேக்கைவிட ஒரு மூன்று விரல் பெரிதான கேக். தர்சினியின் முகம் வெளிறிவிட்டது. அம்மா, அன்ரி சரியாத்தான் செய்திருப்பா என்று மெல்லச் சொன்னாள். தாய் காதில் வாங்கவில்லை. "தம்பியின்ர பங்கை விட்டிட்டீங்கள்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தராசைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். அது அவனுடைய தராசு. அதை அன்றைக்கு அந்த மேசையில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் அரிசியை எடுத்தேன். இருங்கோ அக்கா, உங்களுக்குக் கண்ணாலேயே காட்டுறன் என்றேன். வட்டத் தட்டை நிரப்பி விளிம்போடு வழித்தேன். சதுரத் தட்டையும் நிரப்பி வழித்தேன். இரண்டும் அவருக்குத் தெரிந்த தட்டுகள், எத்தனை வருடமாகப் பார்க்கிறார். தகரக்காரர் செய்த பெரிய தட்டை முன்னால் வைத்து, முதலில் வட்டத்தைக் கொட்டினேன். பிறகு சதுரத்தைக் கொட்டிக் கையால் பரப்பினேன். ஒரு மணி மிஞ்சவில்லை, ஒரு மணி குறையவில்லை. விளிம்பு தொட்டு மட்டமாக நின்றது.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடத்தில் அரிசியைக் கண்டபிறகு எதிர்க்கதை கதைத்தவர் ஒருவருமில்லை.

அக்கா குனிந்து பார்த்தார். நெல்லோடு பிறந்து வளர்ந்த மனிசி, அளவு அவருக்கு விளங்கிவிட்டது; அதை முகத்தில் கண்டேன். விரலால் அரிசியை ஒருமுறை அளைந்தார். பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"ஓம், அளவு சரி. இதில தம்பியின்ர அரிசி எது எண்டு காட்டுங்கோ."

பிள்ளைகளே, எந்தக் கொப்பியிலும் அதற்கு வழி இல்லை. கூட்டினால் அளவு நிற்கும், ஆள் நிற்கமாட்டார். அந்த மனிசிக்கு அளவா முக்கியம்? அவர் இரண்டு வருடமாகப் பிரிட்ஜுக்குள் வைத்திருந்தது கேக் இல்லை, ஒரு இடம். அவன் வந்தால் இருக்கிற இடம். அதை நான் கலக்கிவிட்டு, குறையவில்லை பாருங்கோ என்று கெட்டித்தனம் காட்டியிருக்கிறேன்.

என் கைக்கெட்டிய தூரத்தில் நீல ஐசிங் பை கிடந்தது. நடுவில் ஒரு கோடு போட எனக்கு ஒரு மூச்சு நேரம் போதும். கோட்டுக்கு அந்தப் பக்கம் தர்சன் என்று எழுதிவிட்டால், தாய் பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவார். பையை எடுத்தும்விட்டேன். அப்போது தர்சினி என் கையைப் பார்த்தாள்.  கோடு போட்டால் பாதி வெட்டுப்படும், மற்றப் பாதி பிரிட்ஜுக்குள் போகும், பிறகு மண்வெட்டியை எடுப்பது அவள்தான். நான் பையைத் திரும்ப வைத்துவிட்டேன்.

அந்த இடத்தில் மூன்று பெண்கள் ஒரு தட்டு அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அசைந்தது தர்சினிதான். வெறுமையாய்க் கிடந்த சதுரத் தட்டை எடுத்தாள். பெரிய தட்டிலிருந்து அரிசியைக் கையால் அள்ளி அள்ளி அதை நிரப்பினாள். உள்ளங்கையால் விளிம்போடு வழித்தாள், ஒரு மூலையில் பள்ளம் கண்டு இன்னும் கொஞ்சம் போட்டாள். நிரப்பிய தட்டைத் தாயின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"இதுதான் அம்மா அவன்ர. அன்ரி இப்பவே சதுரம் போட்டுத் தருவா."

தாய் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடை வாங்குப் பலகையில் இருந்தார். நான் முட்டையை உடைத்தேன். வேறென்ன செய்ய? வெந்து, ஆறி, ஐசிங் பூசிக் கொடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் அவர் எழும்பவில்லை, தேத்தண்ணியும் குடிக்கவில்லை. சதுரத்தைக் கண்டபிறகுதான் அரிசித் தட்டை என்னிடம் தந்தார்.

தாய் முன்னே இறங்கிப் போனபிறகு தர்சினியைப் பிடித்து நிறுத்தினேன். கொஞ்சம் பொறு, உனக்கு வட்டத்தையும் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் அன்ரி. எனக்கு இனிப் போடாதேங்கோ. ரெண்டு வச்சா ஒண்டு மிஞ்சுது. ஒண்டை மட்டும் வச்சா, மிஞ்சினது எண்டு ஒண்டும் இல்லைத்தானே."

இருபது வயதைத் தாண்டிய பிள்ளை சொன்ன கணக்கு அது. பிழை கண்டுபிடிக்க நான் இன்றைக்கும் பார்க்கிறேன், முடியவில்லை. ரோஜா வைத்த பெரிய கேக் கடையிலேயே கிடந்தது. வேலைசெய்த பிள்ளைகள் பிறகு அதை வெட்டித் தேத்தண்ணியோடு சாப்பிட்டார்கள். நல்ல பதம் என்றார்களாம். நான் வாயில் வைக்கவில்லை.

கோடு போட்டிருக்கவேண்டுமா? போட்டிருந்தால் பாதிக் கேக்காவது அந்தப் பெட்டைக்கு மிஞ்சியிருக்குமே என்று சில வேளை நினைக்கிறேன். போட்டிருந்தால் அவள் என்னை எப்படிப் பார்த்திருப்பாள் என்று அடுத்த நிமிடமே நினைக்கிறேன். இப்படியான இடத்தில் எது சரி என்று உங்களுக்குச் சொல்லித் தருவதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதி இவ்வளவு தூரம் வந்தபிறகும் என்னிடம் அது இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். வாடிக்கையாளர் குறைகிறது என்று சொன்னால், எது குறைகிறது என்று முதலில் கேளுங்கள். அரிசியைப் பிறகு எடுக்கலாம். சில குறைக்கு அரிசி எடுக்கவே வேண்டாம்.

அந்த இரண்டு தட்டுகளையும் நான் பிரித்து வைக்கவில்லை. வட்டத்துக்கு வேலை வந்தால் எடுத்துப் பாவியுங்கள், கழுவித் துடைத்து மறுபடி சதுரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மாசியில் முரசுமோட்டையிலிருந்து அழைப்பு வரும், சதுரம் ஒன்று என்று மட்டும் சொல்வார்கள். ஏழு அங்குலம், உயரம் பழைய உயரம், ஒரு கிராமும் பிசகக்கூடாது. மேலே தர்சன் என்று எழுதுங்கள், வயது எழுதவேண்டாம். வீட்டில் அதை ஒருவரும் வெட்டமாட்டார்கள், வாழையடியில் கொண்டுபோய்ப் புதைப்பதும் இன்னும் அவள்தான். ஆனாலும் அதைத் தின்கிற கேக்காகவே செய்யுங்கள்.

கேக்கை எடுக்க தர்சினிதான் ஸ்கூட்டரில் வருவாள். பெட்டியைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், முன்னால் கால்வைக்கிற இடத்தில் வைத்து இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு போவாள். அன்றைக்கு அவளுக்கும் பிறந்தநாள். அவளைப் பார்த்து வாழ்த்துச் சொல்வதா விடுவதா என்று என்னைக் கேட்காதீர்கள். இத்தனை வருடமாக நான் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "கவனமாய்ப் போ பிள்ளை" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.